பழைய கார், தேய்ந்த அச்சு: சரிசெய்வதா, மாற்றுவதா?

(ஒன்றுகூடல் விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம்தான் தம்பி, அடுத்தது சாப்பாடு" என்று செயலாளர் அண்ணன் காதில் சொல்லிவிட்டார். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன். வார நாட்களில் நான் இயந்திர வடிவமைப்புப் பொறியாளன். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கார்களுக்கு அடியில் படுத்துக் கிடப்பவன். விழாக்களில் பளபளக்கும் பழைய காரை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதற்கு அடியில் என்ன நடக்கிறது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

எடுத்துக்கொண்ட வண்டி, ஃபோர்டு மாடல் ஏ. 1927 டிசம்பரில் அமெரிக்காவில் அறிமுகமாகி, 1932 தொடக்கம் வரை 48 லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி. அப்போது கனடாவிலிருந்து நம் நாட்டுக்கும் வலப்பக்க ஸ்டியரிங்கோடு வந்து இறங்கியது.

இன்றைய வண்டிகளில் வீல் பேரிங் தேய்ந்தால் கழற்றிப் புதிது போடுவோம், கதை முடிந்தது. மாடல் ஏ-யின் பின்சக்கரத்தில் அந்தப் பாச்சா பலிக்காது. அங்கே ரோலர்களுக்கு உள்வளையம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஆக்ஸில் ஹவுசிங்கின் முனையே உள்வளையம். அதன் மேல்தான் ரோலர்கள் உருளுகின்றன. வண்டியின் எடையை ஹவுசிங் தாங்குகிறது. உள்ளே ஓடும் ஷாஃப்ட் சக்கரத்தைச் சுழற்றுகிறது; சாய்ந்துவிடாமலும் பிடித்துக்கொள்கிறது.

நம் மாட்டு வண்டியை நினைத்துப் பாருங்கள். அச்சு அசையாது, குடம்தான் சுற்றும். பாரம் எப்போதும் கீழ்நோக்கியே அழுத்துவதால் அச்சின் அடிப்பக்கம் மட்டும் தேயும். மாடல் ஏ-யிலும் இதே நியாயம்தான். ஹவுசிங் முனை வட்டமாகத் தேயாமல் அடியில் மட்டும் தேய்ந்து முட்டை வடிவமாகிவிடும். எனவே ஒரே இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு "ஓகே சார்" என்று சொல்லக்கூடாது. மேல்கீழாக ஒரு அளவு, குறுக்காக ஒரு அளவு, ரோலர் படாத ஓரத்தில் ஒரு அளவு என்று மூன்றும் வேண்டும். அந்த ஓரம்தான் பழைய அளவுக்குச் சாட்சி.

தேய்ந்தால் என்ன ஆகும்? டிரம் மையம் விலகும், பிரேக் ஒரு பக்கமாகப் பிடிக்கும். கிரீஸ் சீலைத் தாண்டி லைனிங்கில் இறங்கும். இவை கண்ணுக்குத் தெரிபவை. தெரியாதது ஒன்று உண்டு. ஹவுசிங் தாங்க வேண்டிய எடையில் ஒரு பங்கு ஷாஃப்டின் மேல் விழும். ஒவ்வொரு சுற்றுக்கும் அது ஒரு முறை வளைந்து நிமிரும். சக்கரத்தின் விட்டம் சுமார் 30 அங்குலம். அப்படியானால் கிலோமீட்டருக்கு 400 தடவைக்கு மேல். ஷாஃப்டின் கூம்பு முனையில், சாவி வெட்டிய இடத்தில் விரிசல் விழுந்து ஒருநாள் முறிந்தால், சக்கரம் டிரம்மோடு சேர்ந்தே கழன்று போகும். அந்தச் சக்கரத்துப் பிரேக்கும் அதோடு போச்சு. "அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

சென்ற ஆண்டு ஒரு பெரியவர் தம் 1929 மாடலைக் கொண்டுவந்தார். மூன்று வாரத்தில் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கும் ஊர்வலத்துக்கும் அந்த வண்டிதான் என்று சொல்லிவைத்திருந்தார். டிரம்மைக் கழற்றினால், இடப்பக்க ஹவுசிங் முனை முழுக்க சென்டர் பஞ்ச் குத்து, அதன் மேல் பித்தளைத் தகடு சுற்றியிருந்தது! யாரோ எப்போதோ செய்த கைவேலை. குத்திய புள்ளிகளின் விளிம்பு கொஞ்சம் எழும்பி ஆட்டத்தை மறைக்கும். ஆனால் ரோலர் உருண்டதும் அது நசுங்கிவிடும். தகடும் கிழிந்து தூளாகும்.

"பத்து கிலோமீட்டர்தானே தம்பி, மெதுவாகத்தானே போகப்போகிறது? மறுபடியும் ஒரு தகடு சுற்றிக் கொடுங்களேன்" என்றார். நான் ஒன்றும் சொல்லாமல், ஹவுசிங்கின் படிக்கட்டு விளிம்பில் விரிசல் காட்டும் சிவப்புச் சாயத்தைத் தடவி, துடைத்து, வெள்ளைப் பூச்சு அடித்தேன். சில நிமிடங்களில் மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு எழுந்தது. ஷாஃப்டின் சாவிக் குழி ஓரத்திலும் ஒன்று. அவர் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இதிலா என் பொண்ணை உட்கார வைக்கச் சொன்னேன்?" என்றார். கல்யாணம் வேறு காரில் நடந்தது.

இனி முடிவெடுக்கும் முறை. இடப்பக்கம் விரிசல் கண்டதால் மாற்றியே தீரவேண்டும். விரிசலுக்கு மேல் ஸ்லீவ் போட்டால் நோயை மூடிவைப்பது போலத்தான். வேறொரு அன்பரிடம் கிடந்த உதிரி ஹவுசிங்கை அளந்து, சாயச் சோதனையும் செய்து வாங்கினோம். ஷாஃப்டைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஹவுசிங் மாற்றும்போது ஒன்றை மறக்கக்கூடாது: நடுப்பெட்டியோடு இணையும் இடத்திலுள்ள கேஸ்கட்டின் கனம்தான் டிஃபரன்ஷியல் பேரிங்குகளின் இறுக்கத்தைத் தீர்மானிக்கிறது. கையில் கிடைத்ததைப் போட்டு முடுக்கினால் புது வியாதி வரும்.

வலப்பக்கம் 0.4 மி.மீ. தேய்மானம், விரிசல் இல்லை. அதற்கு ஸ்லீவ். முனையைக் கிரைண்டிங் செய்து, கடினப்படுத்திய எஃகு வளையத்தைச் சூடாக்கி ஏற்றுவது. கணக்கு எளிது: 50 மி.மீ. விட்டமுள்ள எஃகு 100 டிகிரி கூடச் சூடானால் சுமார் 0.06 மி.மீ. விரியும். நழுவி உட்கார அது போதும்; ஆறியதும் கவ்விக்கொள்ளும். கேஸ் வெல்டிங் தீயைக் காட்டினால் கடினம் இறங்கிவிடும். எண்ணெய்ச் சட்டியில் நிதானமாகச் சூடேற்ற வேண்டும். கிரைண்டிங் செய்யும்போது படியின் மூலையைக் கூராக விடாமல் வளைவாக விடவேண்டும். கூர் மூலையில்தான் விரிசல் பிறக்கிறது. வெல்டிங் வைத்து மேடாக்கி லேத்தில் கடைந்தால் ஆகாதா என்பார்கள். அந்தச் சூட்டில் குழாய் வளையும், ரோலர் ஓடத் தேவையான கடினமும் வராது.

இந்த வேலையில் பாதிக்கு மேல் செய்தவர் அறுபது வயது தாண்டிய ஒரு கிரைண்டிங் தொழிலாளி. பொறி பறக்கும் சத்தத்தைக் கேட்டே எவ்வளவு வெட்டுகிறது என்று சொல்லுவார். நமக்குப் பட்டம் இருக்கிறது, அவருக்குக் காது இருக்கிறது. இரண்டும் ஒரே பட்டறையில் நின்றால்தான் இம்மாதிரி வேலை நடக்கும்.

அதனால் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை, நம் கல்லூரிப் பட்டறைக்கு இப்படிப்பட்ட தொழிலாளிகளை அழைத்து, இன்றைய மாணவர்கள் கையில் தேய்ந்த பாகத்தையும் மைக்ரோமீட்டரையும் கொடுப்போம். சரிசெய்யலாமா, மாற்றவேண்டுமா என்று அவர்களே அளந்து, காரணத்தோடு சொல்லட்டும். போக்குவரத்துச் செலவுக்கு என் பங்கை இப்போதே செயலாளர் அண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன்.

சாப்பாட்டு மணம் வந்துவிட்டது.