யாருடைய விரலுக்குச் சுமை?
பொருள் மேலாண்மைத் துறைக்குப் புதியவர்களை முன்னிட்டு ஆற்றிய உரை



இலக்கணமும் மொழியியலும் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருவர் பொருள் மேலாண்மை பற்றிப் பேச வந்திருப்பது உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். காரணம் இதுதான். நம்மிடம் தமிழ் பயின்ற மாணவர் சிலர் இன்று விடியுமுன் எழுந்து, ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து, சிங்கப்பூரில் மென்பொருள் நிறுவனங்களில் பணியாற்றுகின்றனர். அவர்களுள் ஒருவர் தாம் 'புராடக்ட் மேனேஜர்' ஆகிவிட்டதாகத் தெரிவித்தார். என்ன வேலை என்று கேட்டோம். "ஐயா, நான் நிரல் எழுதுவதில்லை, வடிவம் வரைவதில்லை, விற்பதும் இல்லை. இம்மூன்றையும் செய்பவர்கள் எதைச் செய்வது, எதை விடுவது என்று முடிவெடுக்க வேண்டியது என் பொறுப்பு. ஆனால் அவர்களில் ஒருவர்கூட எனக்குக் கீழே இல்லை" என்றார். அதிகாரமின்றிப் பொறுப்பு மட்டும் உள்ள பணி என்று அறிந்தபோது, இது ஆசிரியப் பணிக்கு மிக அணுக்கமானது என்றே நமக்குத் தோன்றியது.

பெயரைப் பற்றி ஒரு சொல். பொருள் என்பது தமிழில் பண்டத்தையும் குறிக்கும், செல்வத்தையும் குறிக்கும், சொல்லின் அர்த்தத்தையும் குறிக்கும். 'பொருள் மேலாண்மை' என்றதும் பண்டசாலைக் கணக்கு என்று எண்ணுவோர் உண்டு. ஆயினும் இப்பெயரை மாற்ற நமக்கு மனமில்லை. ஒரு பண்டம் பயன்படுத்துவோர்க்கு என்ன பொருள்படுகிறது என்று கேட்பதுதானே இத்துறை.

இத்துறையின் தொடக்கத்தை 1931 ஆம் ஆண்டுக்குக் கொண்டு செல்வர். அமெரிக்காவின் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் கேமே சோப்பின் விளம்பரப் பொறுப்பிலிருந்த நீல் மெக்எல்ராய் என்னும் இளைஞர், ஒவ்வொரு பண்டத்துக்கும் அதன் நன்மை தீமை அனைத்துக்கும் பொறுப்பேற்கும் ஒருவர் வேண்டும் என்று மூன்று பக்கக் குறிப்பொன்றை எழுதினார். அவரே பிற்காலத்தில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சரானார். அது வேறு கதை. நமக்கு வியப்பளிப்பது, ஏறத்தாழ அதே காலத்தில் நம் வட்டாரத்தில் ஒரு தமிழர் இப்பணியின் முழு இலக்கணத்தையும், பெயர் அறியாமலே, செய்துகாட்டியமைதான்.

அவர் இரா. முத்தையா. 1886 இல் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்தவர். 1907 இல் மலாயாவுக்கு வந்து, பின் சிங்கப்பூரில் ஒரு வணிக நிறுவனத்தில் 1930 வரை பணியாற்றியவர். அலுவலகத்தில் ஆங்கிலத் தட்டச்சுப்பொறியின் வேகத்தை நாள்தோறும் கண்டவர். தமிழுக்கு அத்தகைய பொறி வேண்டும் என்பது அவர் கண்ட தேவை. அதனைத் தடுத்தது எண்ணிக்கை. தமிழ் எழுத்துகள் 247. தட்டச்சுப்பொறியின் விசைகளோ நாற்பதுக்குச் சற்று மேல். ஒரு விசைக்கு இரண்டு அச்சுகள் என்று கொண்டாலும் நூறு குறிகளுக்குள் அடங்கியாக வேண்டும்.

இங்கே அவர் செய்ததை மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். 247 எழுத்துகளையும் ஏற்றும் பெரிய பொறி ஒன்றை அவர் கேட்கவில்லை. எழுத்துகளைக் குறிகளாக உடைத்தார். 'கொ' என்பது ஒற்றைக் கொம்பு, ககரம், கால் என மூன்றானது. புள்ளிக்கு நகரா விசை ஒன்றை அமைத்தார். அதைத் தட்டினால் புள்ளி பதியும், தாளேந்தி நகராது. அடுத்துத் தட்டும் மெய்யெழுத்து அப்புள்ளியின் கீழ் வந்து அமரும். உகர, ஊகார உயிர்மெய்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு வடிவம் கொண்டவை ஆதலின் சிலவற்றுக்குத் தனி விசையும் சிலவற்றுக்கு ஒட்டுக்குறியும் வேண்டியிருந்தன. 1930களில் பொறி உருவாயிற்று.

ஆனால் ஒரு விலை இருந்தது. 'தங்கம்' என்று எழுதத் தகரம் தட்டி, பின் புள்ளி தட்டி, அதன் பின்னரே ஙகரம் தட்ட வேண்டும். மனம் 'ங்' என்று நினைக்கும்போது விரல் புள்ளியைத் தேட வேண்டும். 'கொடு' என்பதைக் கொம்பிலிருந்து தொடங்க வேண்டும். பொறியால் சுமக்க இயலாத சுமையைத் தட்டச்சர் சுமந்தார். இரும்பும் நெம்புகோலும் கொண்டு செய்யும் பொறியில் அதற்கு வேறு வழியில்லை. முத்தையாவின் முடிவு சரியானதே. சுமை யார்மேல் விழுகிறது என்பதை அறிந்து எடுத்த முடிவு அது.

நாம் இன்று சொல்ல வந்த செய்தி இதுவே. எந்தப் பொருளிலும் சிக்கல் முற்றாக மறைவதில்லை. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்கிறது. அது பயனரின் விரலுக்குப் போகிறதா, நிரலரின் மேசைக்குப் போகிறதா, உதவிக்கு அழைப்போரின் தொலைபேசிக்குப் போகிறதா என்று பார்த்து முடிவு செய்பவரே பொருள் மேலாளர்.

கணினி வந்தபின் என்ன நடந்தது என்று பாருங்கள். இரும்பு போயிற்று, பழக்கம் போகவில்லை. தொடக்கக்கால மென்பொருள்கள் பலவும் தட்டச்சுப்பொறியின் விசை வரிசையையே பின்பற்றின. கணினி தானே செய்யக்கூடிய வேலையைப் பயனரின் விரலே தொடர்ந்து செய்தது. அத்தோடு ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு குறியேற்றம் வைத்துக்கொண்டது. ஒருவர் அனுப்பிய கட்டுரை மற்றவர் கணினியில் புரியாக் குறிகளாக வந்து நிற்கும். நாம் அந்நாளில் ஆய்வுக் கட்டுரையை வட்டில் பதிந்து, எழுத்துருவையும் அதே வட்டில் வைத்து, 'முதலில் இதனை நிறுவுக' என்று கடிதமும் எழுதி அனுப்பியதுண்டு. ஒவ்வொரு பண்டமும் தனித்தனியே நன்றாகத்தான் இருந்தது. எல்லாம் சேர்ந்து பயனரைக் கைவிட்டன.

1997 இல் சிங்கப்பூரில் பேராசிரியர் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் கூடிய தமிழிணைய மாநாடு இக்குழப்பத்தை வெளிப்படையாகப் பேச வைத்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய மாநாட்டின் விளைவாகப் பிறந்ததே தமிழ்99 விசைப்பலகை. அதன் அமைப்பை இங்குச் சற்று விரிவாகச் சொல்லாமல் இருக்க நம்மால் இயலாது, பொறுத்தருள்க.

இடக்கைப் பக்கம் உயிர்கள். வலக்கைப் பக்கம் பெரும்பாலும் மெய்கள். ககரத்தைத் தட்டி ஒகரத்தைத் தட்டினால் 'கொ' வரும். கொம்பும் காலும் எங்கே வரவேண்டும் என்பது கணினியின் கவலை. இதனினும் நுட்பமானது புள்ளி. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே விழும்: அ, ம, ம, ஆ எனும் நான்கு தட்டலில் 'அம்மா'. மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அவ்வாறே: ப, ந, த, உ என்றால் 'பந்து'.

இது எப்படி இயன்றது? தமிழில் இரட்டித்து வரும் மெய்யும் இனவெழுத்தோடு வரும் மெல்லினமும் மிகுதி. ஒரே மெய் அகரத்தோடு அடுத்தடுத்து வருவது அரிது. 'பப்பாளி' போன்ற சொற்களுக்கு இடையே அகர விசையை ஒருமுறை தட்டவேண்டும். மிகுதியானதை எளிதாக்கி, அரிதானதற்கு ஒரு தட்டலைக் கூட்டினர். இனவெழுத்து என்று நாம் வகுப்பில் மனப்பாடம் செய்விக்கும் இலக்கணம் இங்கே பயனரின் விரலைக் காக்கிறது. இலக்கணம் எதற்குப் பயன்படும் என்று கேட்கும் மாணவர்க்கு ஆசிரியர்கள் இதனைச் சொல்லலாம்.

ஆயினும் சிறந்த அமைப்பு வந்துவிட்டதால் அனைவரும் அதற்கு மாறிவிடவில்லை. தட்டச்சில் பழகிய கைகள் பழைய வரிசையையே நாடின. ஆங்கில விசைகளை மட்டும் அறிந்தவர்கள் 'ammaa' என ஒலிபெயர்த்துத் தட்டவே விரும்பினர். நம் நாட்டின் முத்து நெடுமாறன் 1980களில் தொடங்கிய முரசு மென்பொருள், பின் முரசு அஞ்சலாக வளர்ந்தபோது, இவ்வொலிபெயர்ப்பு முறையையும் தமிழ்99 முறையையும் சேர்த்தே தந்தது. இது கொள்கைத் தளர்ச்சி என்று அந்நாளில் நாமே குறைபட்டதுண்டு. இன்று அவ்வாறு எண்ணவில்லை. பயனர் எங்கே நிற்கிறாரோ அங்கிருந்துதான் அழைத்துச் செல்ல முடியும்.

அவரே உருவாக்கிய செல்லினம் 2005 இல் பொங்கல் நாளன்று சிங்கப்பூரில் ஒலி 96.8 வானொலியின் துணையோடு வெளியாயிற்று. அன்றைய கைப்பேசியில் பன்னிரண்டு விசைகளே பெரும்பாலும் இருந்தன. யூனிகோடு முறையில் ஒரு குறுஞ்செய்தி 70 குறியீடுகளே கொள்ளும், ஆங்கிலத்துக்கோ 160. 'வணக்கம்' என்பது நமக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு ஏழு குறியீடு. இத்தனை நெருக்கடியில் எதற்காக இதைச் செய்வது என்று கேட்கலாம். பொங்கல் வாழ்த்தைத் தமிழில் அனுப்ப ஒருவர் விரும்புகிறார் என்பதே போதிய விடை. மென்பொருள் முழுமையடையும் வரை காத்திராமல், மக்கள் ஒருவருக்கொருவர் வாழ்த்தனுப்பும் நாளில் அதனை அவர்கள் கையில் கொடுத்ததை நாம் மிகவும் மதிக்கிறோம்.

இனி நம் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், தொடக்கப்பள்ளி மாணவர்க்கான வினைச்சொல் பயிற்சிச் செயலி ஒன்றை உருவாக்கிய குழுவில் நாம் மொழியியல் அறிவுரைஞராக இருந்தோம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி வினைகளைப் பதின்மூன்று வகையாகப் பகுத்துள்ளது. அப்பதின்மூன்றும் செயலியில் இடம்பெற வேண்டும் என்று நாம் வற்புறுத்தினோம். நிரலர்கள் மாதக்கணக்கில் உழைத்தனர். நமக்குப் பெருமையாக இருந்தது.

வெளியீட்டுக்குப் பின் இம்மாநிலத்தின் தோட்டப்புறப் பள்ளி ஒன்றில் ஆசிரியை ஒருவர் நம்மிடம் வந்தார். "ஐயா, நன்றாகச் செய்திருக்கிறீர்கள். ஆனால் என் பிள்ளைகள் காலம் காட்டுவதில் தவறு செய்வதில்லை. 'பறவைகள் பறந்தது' என்றுதான் எழுதுகிறார்கள். 'பறந்தன' என்று எழுத வைக்க இதில் எங்கே பயிற்சி இருக்கிறது?" என்றார். இல்லை. எழுவாய்க்கும் பயனிலைக்கும் உள்ள இயைபை நாம் எண்ணியே பார்க்கவில்லை. அது அடுத்த பதிப்பில் வரும் என்று சொல்லி அனுப்பினோம். பணம் தீர்ந்துபோனது, அடுத்த பதிப்பு வரவேயில்லை. குழுவினர் நம்மைக் குறைகூறவில்லை. அறுபது கட்டுரைத் தாள்களை முதலில் புரட்டிப் பார்த்திருந்தால் ஒரே மாலையில் தெரிந்திருக்கும்.

ஆகவே புதியவர்களுக்கு நாம் கூறும் முறைகள் நூலில் படித்தவை மட்டுமல்ல, பட்டுத் தெளிந்தவையும்கூட.

தொடங்குமுன் ஒரு தாளில் ஒரு தொடர் எழுதுங்கள்: இன்னார், இன்ன நேரத்தில், இன்னதைச் செய்து முடிக்க முயல்கிறார், இவ்விடத்தில் தடுமாறுகிறார். 'மாணவர்கள்' என்று பொதுவாக எழுதாதீர்கள். 'நான்காம் ஆண்டு மாணவர், கட்டுரை எழுதும்போது' என்று எழுதுங்கள். அத்தொடரை எழுத இயலவில்லையானால் இன்னும் பார்க்கவேண்டியது இருக்கிறது என்று கொள்க. கருத்துக் கேட்பதைவிடச் செய்வதை அருகிருந்து பார்ப்பது மேல். மக்கள் நம்மிடம் மரியாதைக்காக 'நன்றாக இருக்கிறது' என்றே சொல்வர். அந்த ஆசிரியையும் அவ்வாறே தொடங்கினார்.

அடுத்து, செய்யத்தக்கவற்றை நான்காகப் பிரிக்கும் ஒரு முறை உண்டு: கட்டாயம், தேவை, இருந்தால் நன்று, இம்முறை இல்லை. முதல் மூன்றையும் எவரும் நிரப்புவர். நான்காம் பத்தி வெறுமையாக இருந்தால் நீங்கள் இன்னும் முடிவே எடுக்கவில்லை. நம் பதின்மூன்றில் பெரும்பகுதி அங்கே இருந்திருக்க வேண்டும். அவ்வாறு விலக்கியதற்குக் காரணத்தையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். அதிகாரமில்லாத உங்களுக்கு எழுதிய காரணமே வலிமை.

மார்ட்டி கேகன் என்பார் நான்கு இடர்களைக் குறிப்பிடுவார்: மக்கள் விரும்புவார்களா, பயன்படுத்தத் தெரியுமா, நம்மால் செய்ய முடியுமா, நிறுவனத்துக்கு ஒத்துவருமா. நம் குழு மூன்றாவதை மட்டுமே ஆராய்ந்தது. நிரலர்கள் திறமையானவர்களாக இருந்தால் இந்த மயக்கம் எளிதில் வரும்.

பயிற்சி ஒன்றும் தருகிறோம். இவ்வாரம் உங்கள் பாட்டியோ அம்மாவோ புலனத்தில் ஒரு செய்தியைத் தமிழில் அனுப்பும்போது அருகில் அமருங்கள். உதவி செய்யாதீர்கள், இதுதான் கடினம். எத்தனை முறை அழித்தார், எந்த எழுத்தைத் தேடினார், எவ்விடத்தில் சலித்துக் குரல்பதிவுக்கு மாறினார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் மேற்சொன்ன ஒரு தொடரை எழுதி, அதன் கீழே நான்கு பத்திகளையும் நிரப்புங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்தத் தாளைக் கொண்டுவாருங்கள்; நான்காம் பத்தியிலிருந்தே உரையாடலைத் தொடங்குவோம்.