பிஞ்சுப் பருவமும் கணினிக் கல்வியும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நமது மக்தப் மதரஸாவின் மாடியில் தொடக்க வகுப்புச் சிறாருக்குக் கணினி வகுப்பு தொடங்குவது, அதற்குப் பத்துக் கணினிகள் வாங்குவது என்னும் தீர்மானம் இன்று உங்கள் முன் வைக்கப்பட்டுள்ளது. "அலிஃப், பே எழுதும் வயதில் கணினி எதற்கு?" என்று தொடக்கத்தில் தயங்கியவர்களுள் நாமும் உண்டு. அத்தயக்கம் நீங்கிய வரலாற்றையும், நீங்காமல் நிற்கும் ஒரு கவலையையும் எடுத்துரைப்பது நமது கடமையாகும்.

சென்ற ஆண்டு நமது மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தந்தை நம்மிடம் வந்தார். மூன்றாம் வகுப்பு படிக்கும் தம் மகனுக்குக் கணினி நிரல் எழுதக் கற்றுத் தருவதாக ஒரு தனியார் நிறுவனத்தார் கூறியதை நம்பி, மனைவியின் நகையை அடகு வைத்து ஓராண்டுக் கட்டணம் செலுத்தியிருந்தார். ஆறு மாதம் கழித்து அச்சிறுவனை அழைத்து, "என்னப்பா கற்றுக் கொண்டாய்?" என்று கேட்டோம். "சார் சொன்ன பட்டனை அமுக்கினேன் ஹஜ்ரத்" என்றான். அந்தத் தந்தை தலைகுனிந்து நின்ற காட்சி இன்றும் நம் கண்ணை விட்டு அகலவில்லை. கணினியின் முன் அமர்வது வேறு. கணினியைக் கற்பது வேறு என்பதை அன்று உணர்ந்தோம்.

அப்படியாயின் கற்பது என்றால் என்ன? ஒரு காரியத்தைச் சிறுசிறு படிகளாகப் பகுத்து, பிழையின்றி வரிசைப்படுத்திக் கட்டளையிடுவதே அதன் அடிப்படை. அதற்கு 'அல்காரிதம்' என்று பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாத் நகரின் பைத்துல் ஹிக்மாவில் பணியாற்றிய கணித மேதை அல்குவாரிஸ்மீ அவர்களின் பெயரே இலத்தீன் மொழியில் திரிந்து இச்சொல்லாயிற்று. இந்திய எண்முறையைக் கொண்டு கணக்கிடும் வழியை அவர் நூலாக எழுதினார். அந்நூலின் இலத்தீன் பெயர்ப்பு வழியாகவே ஐரோப்பியர் பலர் அம்முறையைக் கற்றனர். ஆகவே இது நமக்கு அந்நியமான கல்வியன்று.

நமது சிறார் இதன் சாயலை நாள்தோறும் காண்கின்றனர். உளூவில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் ஒழுங்கு உண்டு. தண்ணீர் கிடைக்காவிடில் தயம்மும் என்னும் நிபந்தனை உண்டு. தொழுகையில் ரக்அத் மீண்டும் மீண்டும் வருகிறது. வரிசை, நிபந்தனை, மீள்செயல் ஆகிய இம்மூன்றுமே நிரல் எழுதுவதன் தூண்கள். வணக்கத்தை இயந்திரத்தோடு ஒப்பிடுவது நமது நோக்கமன்று. தெரிந்ததைக் கொண்டு தெரியாததை விளக்குவது ஆசிரியர்களின் வழக்கமல்லவா?

1967-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஸீமோர் பேப்பர்ட் முதலிய அறிஞர்கள் குழந்தைகளுக்கென்றே 'லோகோ' என்னும் கணினி மொழியை உருவாக்கினர். பின்னர் அம்மொழியில் ஓர் ஆமையும் சேர்ந்தது. 'முன்னே செல், திரும்பு' என்று குழந்தை கட்டளையிட, ஆமை கோடு வரையும். கடந்த விடுமுறையில் அவ்விளையாட்டைக் கணினி இல்லாமலேயே மதரஸா முற்றத்தில் நடத்திப் பார்த்தோம். ஒரு சிறுவன் ஆமையானான். ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி அவனைச் சமபக்க முக்கோணமாக நடக்கச் செய்ய வேண்டும். முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்று அவள் பள்ளியில் படித்திருந்தாள். "பத்து அடி நட, 60 பாகை திரும்பு" என்று மூன்று முறை கட்டளையிட்டாள். சிறுவனோ புறப்பட்ட இடத்திற்கு வராமல் செருப்பு வைக்கும் இடத்தில் போய் நின்றான்! பிள்ளைகள் சிரித்தனர், அவள் அழவில்லை. தானே நடந்து பார்த்தாள். "ஹஜ்ரத்! அவன் பார்த்துக் கொண்டிருக்கும் திசையிலிருந்து திரும்ப வேண்டும். 60 போதாது, 120 வேண்டும்" என்றாள். தன் பிழையைத் தானே கண்டு திருத்திய அந்த முகமலர்ச்சியே நமது தயக்கத்தை நீக்கியது.

இனி நமது கவலையைக் கூறுகிறோம். இங்கிலாந்தில் 2014 செப்டம்பர் முதல் ஐந்து வயதுச் சிறாருக்கும் கணினியியல் கட்டாயப் பாடமாயிற்று. சிறு நிரல் எழுதுவதும் பிழை திருத்துவதும் முதல் வகுப்புகளிலேயே இடம்பெற்றன. ஆயினும் நடந்ததென்ன? 2017-இல் ராயல் சொசைட்டி ஆய்வு செய்து, அக்கல்வி நாடெங்கும் சீராக இல்லை. ஆசிரியர்களுக்குப் போதிய பயிற்சியும் துணையும் இல்லை என்று அறிவித்தது. அதன் பின்னரே அந்நாட்டு அரசு 8 கோடியே 40 லட்சம் பவுண்டு ஒதுக்கி, ஆசிரியர் பயிற்சிக்கு வழி செய்தது. செல்வம் மிக்க நாடே பாடத்தை முன்னும் ஆசிரியரைப் பின்னும் வைத்துத் தடுமாறியதென்றால், நாம் எம்மாத்திரம்?

"இன்று செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறதே, குழந்தை ஏன் கற்க வேண்டும்?" என்று இளைஞர்கள் சிலர் கேட்கின்றனர். கணக்கிடும் கருவி வந்த பின்னும் வாய்ப்பாடு கற்பிக்கிறோம். இயந்திரம் தந்த விடை சரியா, தவறா என்று அறிய நமக்கு அறிவு வேண்டும். அறியாதவன் அது காட்டும் வழியெல்லாம் செல்வான்.

ஆகவே ஜமாஅத்தார்க்கு நமது பணிவான வேண்டுகோள் இது. பத்துக் கணினிகளை இப்போதே வாங்க வேண்டாம். முதலில் நம் ஊரில் படித்த சகோதரி ஒருவரையும் சகோதரர் ஒருவரையும் தேர்ந்து, அவர்களுக்கு முறையான பயிற்சி அளிப்போம். தொடக்கத்தில் மூன்று கணினிகள் போதும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தார் 2007-இல் வெளியிட்ட 'ஸ்க்ராட்ச்' என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. கட்டணம் வாங்க வேண்டாம். ஆண், பெண் பேதம் வேண்டாம். ஆறு மாதம் கழித்து ஒவ்வொரு பிள்ளையையும் அழைத்து, "என்ன கற்றாய்?" என்று இதே சபையில் கேட்போம். "நானே செய்தேன்" என்று அவர்கள் கூறினால் மீதிக் கணினிகளை வாங்குவோம். "சொன்னதை அமுக்கினேன்" என்று கூறினால், குறை பிள்ளைகளிடம் இல்லை, நம்மிடமே உள்ளது என்று ஒப்புக்கொள்வோம்.

ஜமாஅத்தின் ஒவ்வொரு காசும் அமானிதம். அதனினும் பெரிய அமானிதம் நம் பிள்ளைகளின் இளமைக் காலம். பயனுள்ள கல்வியை அவர்களுக்கும், அதனை முறையாக வழங்கும் பொறுப்புணர்வை நமக்கும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.