போன பந்திக்குக் காசு



இன்று மே 5, வணிகர் நாள். கடைக்காரன் ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்து பேச்சுக் கேட்கிற ஒரே நாள். மற்ற நாளெல்லாம் வாடிக்கையாளர் பேச்சைக் கேட்கிறான், அதிகாரி பேச்சைக் கேட்கிறான், ராத்திரி வீட்டுக்குப் போனால்... வேண்டாம், தாய்மார்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, இந்தியச் சந்தையில் அந்நிய நிறுவனங்கள் படும் பாடு. அழைப்பிதழைப் பார்த்த ஒரு மளிகைக்கடை அண்ணாச்சி கேட்டார்: "நம்ம பாடே பெரும்பாடா இருக்கு, அவன் பாடு நமக்கு எதுக்குங்க?" நியாயமான கேள்வி. அண்ணாச்சி, இந்தக் காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குப் பஸ் ஏறுங்கள். சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை என்று ஜன்னலோரமாகப் பார்த்துக்கொண்டே போங்கள். கொரியாக்காரன், தைவான்காரன், பிரெஞ்சுக்காரன், எல்லோரும் மதில் கட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். மதிலுக்கு உள்ளே வேலை பார்ப்பது யார்? நம் பிள்ளை. அவன் பாடு நம் பாடு ஆகி முப்பது வருஷம் ஆகிவிட்டது.

இந்தக் கம்பெனிக்காரர்கள் முதலில் எப்படி வந்தார்கள்? 1991-இல் கதவு திறந்தது. வெளியே நின்று எட்டிப் பார்த்தவனுக்கு ஆள் தெரியவில்லை, தலை தெரிந்தது. தொண்ணூறு கோடித் தலை! தலைக்கு ஒன்று விற்றால் தொண்ணூறு கோடி! கணக்குப் போட்டான், கப்பல் ஏறினான். 1994-இல் கெல்லாக்ஸ் வந்தது. காலையில் சோள அவலைக் கிண்ணத்தில் கொட்டி, சில்லென்று பால் ஊற்றி, மொறுமொறுவென்று சாப்பிடுங்கள் என்றான். நம் வீட்டில் பால் என்றால் காய்ச்சிய பால். சுடச்சுட ஊற்றினோம். குழைந்து கூழாகிவிட்டது. கூழுக்கு எதற்கய்யா அத்தனை விலை? ஆடி மாதம் அம்மன் கோயிலில் சும்மாவே ஊற்றுகிறார்களே!

சிரிக்கிறீர்கள். அவன் சிரிக்கவில்லை. பல வருஷம் நஷ்டக் கணக்கு எழுதிக்கொண்டே நம் வீட்டுச் சமையலறையைப் படித்தான்.

அவன் படிப்பதற்கு முன்னாலேயே படித்து முடித்த ஒருவர் கடலூரில் இருந்தார். பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். 1970-களில், ஷாம்பு என்றால் பாட்டிலில் மட்டும் வரும், பணக்கார வீட்டுக் குளியலறையில் மட்டும் இருக்கும் என்ற காலத்தில், அந்த மனிதர் யோசித்தார். கூலி வேலை செய்கிறவனும் ரிக்‌ஷா இழுக்கிறவனும் வாங்குகிற மாதிரி ஏன் விற்கக் கூடாது? முதலில் முகப் பவுடரைச் சின்னப் பொட்டலம் ஆக்கினார். பிறகு ஷாம்புவைப் பாக்கெட்டில் அடைத்தார். அது ஊர் ஊராகத் தொங்கிய காலத்தைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. அவர் பிள்ளைகளில் ஒருவர் 1983-இல் 15,000 ரூபாயோடு தனியாக ஷாம்பு கம்பெனி ஆரம்பித்தார். அந்த ஷாம்பு கிராமத்துப் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கியது. லண்டனில் தலைமையகம் வைத்திருந்த சோப்புக் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? தானும் பாக்கெட் போட்டது! (கைதட்டல்)

இருங்கள், கைதட்டலைக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். அந்தக் காலிப் பாக்கெட்தான் இன்று சாக்கடையை அடைக்கிறது, அது தனி வழக்கு, அதற்கு வேறொரு கூட்டம் போடுங்கள். நான் சொல்ல வந்தது, தொண்ணூறு கோடித் தலையை எண்ணியவன் தடுமாறினான், ஒரு தலைக்கு எண்ணெய் சீயக்காய் என்ன செலவு என்று பார்த்தவன் ஜெயித்தான்.

கார்க் கதைக்கு வருகிறேன். இரண்டு பேரும் நம் மாவட்டத்துக்கு வந்தவர்கள். அப்போது எல்லாம் ஒரே செங்கல்பட்டு ஜில்லாதானே! அமெரிக்காக்காரன் ஃபோர்டு, மறைமலைநகர். கொரியாக்காரன் ஹூண்டாய், இருங்காட்டுக்கோட்டை. ஃபோர்டு உலகத்துக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த கம்பெனி. 1996-இல் இந்தியாவில் கொண்டுவந்து இறக்கியது எஸ்கார்ட். ஐரோப்பாவில் ஓடிக் களைத்த மாடல். ஹூண்டாயை அன்று இங்கே யாருக்கும் தெரியாது. பெயரை எப்படி உச்சரிப்பது என்றே தெரியாது. 1998-இல் சான்ட்ரோவோடு வந்தான். சின்னக் கார், உயரமான கூரை. சர்தார்ஜி தலைப்பாகையோடு ஏறலாம், நம் ஆத்தா கொண்டை கலையாமல் இறங்கலாம். முதல் காரே மாருதிக்குப் போட்டியாக, நடுத்தர வீட்டுக்காரன் வாசலுக்கு வந்துவிட்டது.

முடிவு தெரியுமல்லவா? 2021 செப்டம்பரில், இனி இந்தியாவில் கார் தயாரிப்பு இல்லை என்று ஃபோர்டு அறிவித்தது. பத்து வருஷத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று அவர்களே சொன்னார்கள். அப்போது சந்தையில் அவர்கள் பங்கு நூற்றுக்கு இரண்டைக்கூடத் தொடவில்லை. அதற்கு முன்பே, 2017-இல், ஜெனரல் மோட்டார்ஸ் இங்கே விற்பதை நிறுத்திக்கொண்டது. அவர்களுடைய தலேகாவ் தொழிற்சாலையை வாங்கியது யார்? அதே கொரியாக்காரன்.

இவர்கள் கெட்டிக்காரர்கள் இல்லையா என்றால், கெட்டிக்காரர்கள்தான். எக்கோஸ்போர்ட் என்ற வண்டியை 2013-இல் ஃபோர்டு விட்டபோது வரிசையில் நின்று பதிவு செய்தார்கள். ஆனால் அடுத்த வண்டி எங்கே? அதற்குள் மற்றவர்கள் அதே அளவில் ஆளுக்கொன்று இறக்கிவிட்டார்கள். நம் ஊர் வாடிக்கையாளர் ஒரு முறை வந்தால் உறவு, இரண்டாம் முறை வரும்போது கடையில் புதுச்சரக்கு இல்லையென்றால் பக்கத்துக் கடை. உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டுமா?

சரி, எல்லாத் தப்பும் வந்தவன் தப்பு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால் மாலை போடுவீர்கள். எனக்கு அது போதாது. நம் சர்க்கார் செய்த கூத்தையும் சொல்லவேண்டும்.

வோடஃபோன். 2007-இல் ஹட்ச் கம்பெனியை வாங்கினான். கைமாறியது கேமன் தீவில் பதிந்த ஒரு கம்பெனியின் பங்கு. வரி கட்டு என்றது நம் வருமான வரித்துறை. சுமார் 11,000 கோடி. அவன் கோர்ட்டுக்குப் போனான். 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், சட்டப்படி வரி இல்லை என்று சொல்லிவிட்டது. அடுத்த பட்ஜெட்டிலேயே சட்டத்தை மாற்றினார்கள். எப்போதிலிருந்து அமல்? 1962-லிருந்து! அய்யா, 1962-இல் செல்போன் எங்கே இருந்தது? நம் தெருவில் சாதா போனே இல்லையே! கல்யாணத்துக்கு வந்தவன் சாப்பிட்டு, கை கழுவி, தாம்பூலப் பையோடு வாசலில் செருப்பைத் தேடுகிறான். பின்னாலேயே ஓடிப்போய், "போன பந்திக்குக் காசு" என்று கேட்டால் எப்படி இருக்கும்? அடுத்த முகூர்த்தத்துக்கு எவன் வருவான்? (கைதட்டல்)

2020-இல் சர்வதேச நடுவர் மன்றத்தில் நம் அரசு தோற்றது. இதே சட்டத்தில் மாட்டிய கெய்ர்ன் எண்ணெய்க் கம்பெனியின் வழக்கிலும் தோற்றது. 2021-இல் அந்தச் சட்டத்தையே திரும்பப் பெற்றார்கள். கெய்ர்னுக்கு மட்டும் சுமார் 7,900 கோடி திருப்பிக் கொடுத்தார்கள். நான் கேட்கிறேன், வோடஃபோனுக்கு வழக்குப் போட நெதர்லாந்தில் ஹேக் நகரம் இருந்தது. ரசீதில் ஒரு எண் மாறிப்போனதற்காக ஜி.எஸ்.டி. நோட்டீஸ் வாங்குகிற என் பலசரக்குக்கடைக்காரனுக்கு எந்த ஹேக் இருக்கிறது? அவன் ஆடிட்டர் வீட்டுத் திண்ணைதான் அவனுக்கு ஹேக்!

தட்டுங்கள், இதற்குத் தட்டலாம்.

வெளிநாட்டுக்காரன் என்ற உடனே வீராவேசமாகப் பேசுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் வேண்டாம். ஊரும் வேண்டாம். 2012-இல் மத்திய அரசு, சில்லறை வணிகத்தில் 51 சதவீதம் அந்நிய முதலீடு வரலாம் என்றது. மாநிலம் சம்மதித்தால்தான் கடை திறக்கலாம் என்று நிபந்தனை. தமிழ்நாடு முடியாது என்றது. அப்போது இவர் மைக்கைப் பிடித்து, "வால்மார்ட் வந்தால் என் பிணத்தைத் தாண்டித்தான் வரவேண்டும்" என்றார். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். கண் கலங்கிப் போனேன். வால்மார்ட் என்ன செய்தான்? வாசல் வழியாக விடாவிட்டால் என்ன என்று 2018-இல் 1,600 கோடி டாலர் கொடுத்து ஃபிளிப்கார்ட்டையே வாங்கிவிட்டான். அவனையும் நிம்மதியாக விட்டோமா? அந்த வருஷக் கடைசியிலேயே ஆன்லைன் வணிகத்துக்கு விதி மாறியது, 2019 பிப்ரவரியில் அமல். அது கிடக்கட்டும். நம் தலைவர் இப்போது எப்படி இருக்கிறார் தெரியுமா? நலமாக இருக்கிறார். பைபாஸ் ஓரமாக இருந்த அவருடைய நிலத்தில் ஒரு பெரிய கிடங்கு எழும்பியிருக்கிறது. ஆன்லைன் கம்பெனிக்கு வாடகைக்கு! பிணத்தைத் தாண்டவேண்டிய அவசியமே வரவில்லை. பிணமே கையெழுத்துப் போட்டு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டது!

மேடையில் யாரும் என்னை முறைக்கவேண்டாம். நான் பொதுவாகச் சொன்னேன்.

கொள்கை என்று பேசினால் 2017-ஐயும் பேசவேண்டும். ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த சூட்டில், மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்கமாட்டோம் என்று வணிகர் அமைப்புகள் அறிவித்தன. விருதுநகரில் 1916-இல் ஆரம்பித்த கம்பெனியின் பொவன்டோவுக்கு மறுவாழ்வு வந்தது. பெருமைதான். இப்போது இந்தப் பந்தலில் இருப்பவர்களில், கடை ஃபிரிட்ஜில் அந்த கோக், பெப்சி பாட்டில் இல்லாதவர்கள் கை தூக்குங்கள் பார்க்கலாம். பரவாயில்லை, இறக்கிவிடுங்கள், எண்ணிவிட்டேன்.

கோக் நம்மிடம் இரண்டு முறை பாடம் படித்தவன். 1977-இல் ஜனதா ஆட்சியில் ஜார்ஜ் பெர்னாண்டஸ் தொழில் அமைச்சர். அந்நியப் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைக்கவேண்டும் என்ற சட்டத்துக்கு இவன் இணங்கவில்லை, கிளம்பினான். 1993-இல் திரும்பி வந்து, இடைக்காலத்தில் வளர்ந்த தம்ஸ்அப்பை விலைக்கு வாங்கினான். சரக்கு அவன் சரக்கு, ஆனாலும் இன்றுவரை கோக்குக்கு முன்னால் தம்ஸ்அப்தான் நிற்கிறது. காசு கொடுத்து வாங்கியும் எதிரியை ஜெயிக்க முடியவில்லை. அந்தக் கடலூர்க்காரர் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

இனி என் நெஞ்சை அறுப்பதைச் சொல்லிவிடுகிறேன். நோக்கியா.

2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி ஆரம்பம். டார்ச் லைட் வைத்த போன் ஞாபகம் இருக்கிறதா, 1100? கரண்ட் போகிற நாடு இது என்று புரிந்துகொண்ட கம்பெனி அது. சரியாகப் படித்தவன், அதனால் ஜெயித்தவன். உச்சத்தில் 8,000 பேர் நேரடி வேலை. பெரும்பாலும் பெண்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள். திருவண்ணாமலை, வேலூர்ப் பக்கத்திலிருந்தெல்லாம் வந்த பிள்ளைகள். கழுத்தில் அடையாள அட்டை, மாசக் கடைசியில் சொந்தச் சம்பளம். அந்தச் சம்பளத்தில் தம்பி காலேஜ் படித்தான், வீட்டுக்கு ஓடு போய் காங்கிரீட் கூரை வந்தது. நம் ஊர்ப் பட்டுக்கடைகளில் முதல்முறையாகத் தன் காசில் தனக்கே புடவை எடுத்த பெண்கள் அவர்கள்.

2013-இல் வருமான வரி நோட்டீஸ். சாப்ட்வேருக்காகப் பின்லாந்துத் தாய்க் கம்பெனிக்குக் கொடுத்த பணத்துக்கு வரி பிடிக்கவில்லை என்று சுமார் 2,000 கோடி. அடுத்து மாநில அரசின் விற்பனை வரி நோட்டீஸ், அது 2,400 கோடி. அதே நேரத்தில் நோக்கியா தன் போன் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்றது. உலகத் தொழிற்சாலைகள் கைமாறின, நம்முடையது மட்டும் வழக்கில் சிக்கி விற்க முடியாமல் நின்றது. நோக்கியாவின் சந்தையும் சரிந்திருந்தது, அதையும் மறைக்கவில்லை. சாம்சங்கும் ஆப்பிளும் அதை ஏற்கெனவே அடித்துப் போட்டிருந்தார்கள். ஆனால் 2014 நவம்பர் 1-ஆம் தேதி கதவு சாத்தியது இங்கே. பின்லாந்தும் இந்தியாவும் பேசி வழக்கைத் தீர்த்தது எப்போது? 2018-இல்! நான்கு வருஷம் கழித்து! கம்பெனிக்குத் தீர்வு கிடைத்தது, சர்க்காருக்குப் பணம் கிடைத்தது, அந்த இடத்தில் சார்ஜர் செய்ய வேறொரு கம்பெனியும் வந்தது. அந்தப் பெண்களுக்கு? விருப்ப ஓய்வுப் பணம். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் ஓய்வு!

2024-இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் பந்தலில் உட்கார்ந்தபோது, முதலீடு ஓடிவிடும் என்று தொலைக்காட்சியில் பயமுறுத்தினார்கள். சங்கம் பதிவானது. ஓடினானா? இல்லை. தொழிலாளி வாய் திறந்ததால் ஓடிய கம்பெனியை விட, சந்தையைப் படிக்காமல் போனதும், போன பந்திக்குக் காசு கேட்டதால் போனதும்தான் அதிகம்.

விழாத் தலைவர் கடிகாரத்தைத் தட்டுகிறார். முடித்துவிடுகிறேன். மறைமலைநகருக்கு ஃபோர்டு திரும்ப வருகிறது, 3,250 கோடியில் எஞ்சின் தயாரிப்பு, 2029-இல் ஆரம்பம் என்று கையெழுத்தாகியிருக்கிறது. வரட்டும், வாழ்த்துகிறேன். இன்று மாலை நீங்கள் நிறைவேற்றப்போகிற தீர்மானங்களில் ஒன்றைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கிறேன். ஒரு கம்பெனி வரும்போது ஒப்பந்தத்தில் எத்தனை ஏக்கர், எத்தனை வருஷச் சலுகை, எவ்வளவு மின்சாரம் என்று எழுதுகிற அரசு, அது போகும்போது தொழிலாளிக்கு என்ன கொடுக்கவேண்டும் என்பதையும் அதே காகிதத்தில் எழுதவேண்டும். 2021-க்குப் பிறகு மறைமலைநகரில் வேலை இழந்தவர்களுக்குப் புதிய எஞ்சின் லைனில் முதல் அழைப்பு போகவேண்டும். தீர்மானம் எழுதுகிற தம்பி, குறித்துக்கொண்டாயா? வாசித்துக் காட்டு, எல்லோரும் கை தூக்கட்டும். கிடங்கு வாடகைக்கு விட்டவரும் தூக்கலாம்.