முகப்பிடத்திலிருந்து திரும்பியவர் எந்தக் கணக்கில்?



அரசாங்க இலாகாக்களின் சேவைத் தரம் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். எல்லா இலாகாக்களையும் தொட நேரமில்லை. கெடாவின் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் நம்மவர்கள் அதிகம் படியேறும் தேசியப் பதிவு இலாகாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பாராட்ட வேண்டியதை முதலில் பாராட்டிவிடுவோம். பத்திரங்கள் சரியாக உள்ளவருக்கு இன்று மைகார்டு எடுப்பது பெரிய வேலையே அல்ல. பிரிட்டனில் 1991இல் அறிவிக்கப்பட்ட மக்கள் சாசனத்தைப் போன்ற ஒன்றை நம் அரசாங்கம் 1993இல் வாடிக்கையாளர் சாசனம் என்று கொண்டு வந்தது. 'இத்தனை நாளில் முடித்துத் தருவோம்' என்று சுவரில் மாட்டியிருக்கிறார்களே, அதுதான். பிறகு 2007இல் பெமுடா, 2009இல் பெமாண்டு என்று அளவுகோல்களுக்குக் குறைவில்லை.

ஆனால் எந்த இலாகாவின் சாசனத்தையும் நின்று நிதானமாகப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் 'முழுமையான விண்ணப்பம் கிடைத்த நாளிலிருந்து' என்றுதான் இருக்கும். சிக்கல் அங்கேதான். பத்திரம் போதவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவருக்குக் கடிகாரம் ஓடத் தொடங்குவதே இல்லை. ஐந்து தடவை வந்து போயிருந்தாலும் கணக்கில் அவர் வராதவர்தான். சாதனை விகிதம் நூற்றுக்கு நூறு என்றுகூட வரலாம். பாடாங் செராயில் ஒரு பாட்டி, பேரனின் பிறப்புப் பத்திரத்துக்கு அப்போதும் அலைந்துகொண்டிருப்பார்.

நம்மவர்களிடம் ஏன் பத்திரம் முழுமையாக இருப்பதில்லை? கோயிலில் தாலி கட்டியாயிற்று, பதிவெதற்கு என்று விட்டவர்கள் உண்டு. முஸ்லிம் அல்லாதாரின் திருமணத்தைப் பதிய வேண்டும் என்ற சட்டம் 1982 மார்ச் முதல் தேதியே அமலுக்கு வந்துவிட்டது. பதியாத திருமணத்தில் பிறக்கும் பிள்ளையின் குடியுரிமை தாயைப் பொறுத்தது. தாய் வெளிநாட்டவரானால், அப்பா நீல அடையாள அட்டை வைத்திருந்தும் பிள்ளை நாடற்றதாகிவிடலாம்.

தோட்டங்கள் உடைந்ததும் ஒரு காரணம். பீடோங், கூலிம், சுங்கைப்பட்டாணி வட்டாரங்களில் ரப்பர் தோட்டங்கள் கை மாறி, செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் ஆயின. தோட்டத்து ஆஸ்பத்திரி போயிற்று. மருத்துவச்சியும் இல்லை, கிராணியும் எந்த ஊரிலோ. தாமதப் பதிவுக்குச் சாட்சி கேட்டால் யாரைக் கூட்டி வருவது? பெற்றோர் தவறு என்று சொல்வது சுலபம். பிள்ளை என்ன செய்யும்?

காலமும் காத்திருப்பதில்லை. அரசியலமைப்பின் 15ஏ பிரிவு, சிறப்புச் சூழ்நிலையில் 21 வயதுக்குட்பட்டவரைக் குடிமகனாகப் பதிய அரசாங்கத்துக்கு அதிகாரம் தருகிறது. 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய திருத்தம் அந்த வரம்பை 18ஆகக் குறைக்கிறது. முகப்பிடத்தில் இழுபறியாகும் ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பிள்ளையின் வாய்ப்பிலிருந்தே கழிகிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கெடாவில் இலாகாக்களுக்கு விடுமுறை வெள்ளி, சனி. புத்ராஜெயாவில் சனி, ஞாயிறு. குடியுரிமைக் கோப்பு இங்கிருந்து அங்கே போக வேண்டும். இரண்டு அலுவலகமும் சேர்ந்து திறந்திருப்பது வாரத்தில் நான்கே நாள்!

2011இல் மைடாஃப்தார், 2017இல் மெகா மைடாஃப்தார் என்று நம் சமூகத்துக்காகவே இயக்கங்கள் நடந்தன. நல்ல முயற்சிகள், மறுக்கவில்லை. ஆனால் எத்தனை பேர் வந்து பாரம் நிரப்பினார்கள் என்பது தொடக்கக் கணக்கு. எத்தனை பேர் கையில் பத்திரம் கிடைத்தது என்பதல்லவா முடிவுக் கணக்கு?

ஆகவே இலாகாவின் செயல்திறனை அளக்கும் முறையை மாற்றக் கேட்கிறேன். ஒருவர் முதல் முறை முகப்பிடத்துக்கு வந்த நாளே கடிகாரம் ஓட வேண்டும். திருப்பி அனுப்பினால், என்ன குறை என்று தேதியிட்ட சீட்டு தர வேண்டும். கோலா மூடா, கூலிம், பாலிங் என்று மாவட்டவாரியாக, வந்தவர் எத்தனை, திரும்பியவர் எத்தனை, ஓராண்டைத் தாண்டிய கோப்பு எத்தனை என்று வெளியிட வேண்டும். நடமாடும் சேவை வண்டி, வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பும் மாலையில் வரட்டும். காலை பத்து மணிக்கு வந்தால் தோட்டத்தில் யார் இருப்பார்கள்?

அந்தச் சீட்டு வழக்கத்துக்கு வரும்வரை நேயர்கள் ஒன்று செய்யலாம். ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். போன தேதி, முகப்பிட எண், கேட்ட பத்திரம் மூன்றையும் அன்றன்றே எழுதி வையுங்கள். அடுத்த முறை போகும்போது அதைக் கையோடு கொண்டு போங்கள்.