முதல் பட்டை எங்கே இருக்கிறது?

மழை ஓய்ந்த இரவு. குளியலறை விளக்கைப் போடுகிறீர்கள். வாளிக்குப் பக்கத்தில் ஒரு பாம்பு. கறுத்த உடம்பு, குறுக்கே வெள்ளைப் பட்டைகள். "கட்டுவிரியன்!" என்று ஒருவர் அலறுகிறார். "அட, இது கடிச்சா ஒண்ணும் ஆகாது" என்கிறார் இன்னொருவர்.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் உண்டு. நம் வீடுகளுக்குள் வரும் இரண்டு பாம்புகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒன்று கட்டுவிரியன், கொடிய நஞ்சு உடையது. மற்றொன்று வெள்ளிக்கோல் வரையன். பல்லி தேடி வரும் சாது. அதன் கடியால் மனிதருக்கு ஆபத்தில்லை.

எப்படிப் பிரித்தறிவது? தலையிலிருந்து வால் நோக்கிக் கண்ணை ஓட்டுங்கள். வெள்ளிக்கோல் வரையனுக்குக் கழுத்தருகிலேயே அகலமான பட்டை இருக்கும். வால் பக்கம் போகப் போகப் பட்டைகள் மங்கிவிடும். வளர்ந்த கட்டுவிரியனுக்கு நேர்மாறு. தலையை ஒட்டிய பகுதி பெரும்பாலும் வெறுங்கறுப்பு. பட்டைகள் சற்றுத் தள்ளித் தொடங்கி, வால்வரை தெளிவாக ஓடும். மெல்லிய கோடுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து நிற்கும். உடம்பில் எண்ணெய் தடவியது போன்ற பளபளப்பு. இன்னொரு குறிப்பு: சுவரிலும் ஜன்னல் கம்பியிலும் ஏறியிருப்பது பெரும்பாலும் வரையன்தான். கட்டுவிரியன் தரையோடு போகிற பாம்பு.

ஆனால் குட்டிக் கட்டுவிரியனுக்குத் தலைக்கு அருகிலிருந்தே பட்டை இருக்கலாம். தோல் உரிக்கும் சமயத்தில் எல்லாப் பாம்பும் மங்கித் தெரியும். ஆகவே, வாசற்படியில் நின்றபடி நிச்சயமாகச் சொல்ல முடியவில்லையா? கட்டுவிரியன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உற்றுப் பார்க்க ஓரடி கூட முன்னே போக வேண்டாம்.

பெயரையும் பேச்சையும் நம்பியும் பயனில்லை. கட்டுவிரியன் பெயரில்தான் விரியன். உண்மையில் அது நாகத்தின் குடும்பம். கடித்துவிட்டு மரமேறி, சுடுகாட்டில் பிணம் எரிவதைப் பார்க்கும் என்று நாம் கதை கட்டிய கொம்பேறி மூக்கனோ நஞ்சில்லாத பாம்பு. நாம் அப்படிக் கதை கட்டாத கட்டுவிரியன்தான் நள்ளிரவில், தரையில் பாய் விரித்துப் படுத்தவர் அருகே ஓசையின்றி வருகிறது. கடித்த இடத்தில் பெரும்பாலும் வலி இருக்காது, வீக்கம் இருக்காது. பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றைப் பிசைகிறது என்று எழுவார். இமைகள் தாமாகச் சரியும். நாக்குக் குழறும். பிறகு மூச்சுத் திணறும். தரையில் படுத்தவரிடம் இந்த அறிகுறிகளைக் கண்டால், பாம்பை யாரும் பார்க்காவிட்டாலும் உடனே 108-ஐ அழையுங்கள்.

கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். மோதிரம், மெட்டியைக் கழற்றுங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். பாம்பை அடித்துப் பையில் போட்டுக்கொண்டு போகவும் வேண்டாம். வெட்டுண்ட தலைகூடக் கொஞ்ச நேரத்துக்குக் கடிக்கும். மருத்துவருக்கு அது தேவையுமில்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் நஞ்சுக்கும் நம் நாட்டில் ஒரே முறிமருந்துதான். அதற்கான நஞ்சை, மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருகிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது, பாம்பை அறிந்த அந்தக் கண்ணுக்குத்தான்.

சரி, குளியலறைக்குத் திரும்புவோம். கதவைச் சாத்துங்கள். கீழ் இடுக்கில் ஈரச் சாக்கைத் திணியுங்கள். பிள்ளைகளையும் நாயையும் விலக்கிவிட்டு, தீயணைப்பு நிலையத்துக்கு 101-இல் சொல்லுங்கள். வந்து பிடித்துப் போவார்கள்.

படுக்கும்முன் ஒரு வேலை: கட்டில் இருந்தால் கட்டிலில் படுங்கள். தரைதான் என்றால் கொசுவலை கட்டி, அதன் ஓரங்களைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிவிடுங்கள். அந்த வலைக்கு வெளியே போவது வரையனோ விரியனோ, நீங்கள் விளக்குப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை.