பூட்ஸுக்குப் பாலிஷ் போட நின்றவர்
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

யார் நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ அந்தப் பெரியவரை நான் நேரில் அறிந்தவன் அல்லன். புத்தகங்களையும் கேமராவையும் ஒரே அலமாரியில் வைத்திருந்தவர் என்று அவருடைய மகன் சற்று முன்பு சொன்னார். நீண்ட பாராட்டுரை கேட்டால் எழுந்து போய்விடுவார் என்றும் சொன்னார். அவர் விருப்பத்தை மதித்து நேரே பொருளுக்கு வருகிறேன்.

முன்வரிசையில் இருக்கிற நண்பர்களுக்கு நான் எங்கே போகப்போகிறேன் என்பது இப்போதே தெரியும். துறையில் தேநீர் வேளையில் தொடங்கி வாய்மொழித் தேர்வு வரை நீண்டுவிட்ட பழைய வழக்கு இது. நகரத் தெருவில் எடுத்த ஒரு படம். மின்கம்பி, சுவரொட்டி, பெயர்ப்பலகை, பாதி வெட்டுப்பட்ட ஓர் ஆள், ஒரு மாட்டின் பின்பாதி, எல்லாம் இருக்கின்றன. இதை எப்படிப் படிப்பது? மையத்தைக் கண்டுபிடி, மற்றதெல்லாம் இரைச்சல் என்கிறது ஒரு தரப்பு. எல்லாமே தற்செயல், அதில் அர்த்தம் தேடுவது பார்க்கிறவரின் கைச்சரக்கு என்கிறது இன்னொரு தரப்பு. ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத இந்த இரண்டு தரப்பும் ஒருமுறை ஒன்றுகூடி என் மாணவி ஒருவரின் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பின. அவருக்குப் பிறகு பட்டம் கிடைத்துவிட்டது. ஆகவே இன்று நான் தாராளமாகப் பேசலாம்.

நான் சொல்வது இதுதான். ஒரு தெருப் படத்தில் எது முக்கியம் என்று கேட்பதற்கு முன்னால், எது தங்கியது, எது தங்கவில்லை, ஏன் என்று கேட்க வேண்டும். நண்பர்கள் ‘மையம்’ என்று கும்பிடுவது பெரும்பாலும் கருவியின் இயலாமை விட்டுவைத்த மிச்சம். இதற்கு ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்கிறேன். உங்களில் பலர் பாடப்புத்தகத்தில் பார்த்த படம்.

பாரிஸ் நகரின் பூல்வார் து தாம்ப்ல் என்ற பெருவீதி. எடுத்தவர் லூயி டகேர், ஆண்டு 1838. தன் டயோரமா என்ற காட்சிக்கூடக் கட்டடத்தின் உயரமான சன்னலில் கேமராவை வைத்து எடுத்தார். கூரைகள், புகைபோக்கிகள், வரிசையாக மரங்கள், அகன்ற சாலை. சாலையில் வண்டி இல்லை, குதிரை இல்லை, கூட்டம் இல்லை. ஒரு மூலையில் நடைபாதை ஓரமாக ஒருவர் ஒரு காலைத் தூக்கி வைத்து நிற்கிறார். எதிரே தாழ்ந்து இருக்கும் மங்கலான உருவம் அவருடைய பூட்ஸுக்குப் பாலிஷ் போடுகிறது. புகைப்படத்தில் பதிந்த முதல் மனிதர் என்று இவரைச் சொல்வது வழக்கம்.

இந்தப் படத்தைப் பற்றி நம்மவர்கள் எழுதியதைச் சேர்த்தால் ஒரு நூலாகும். பெருநகரின் தனிமை என்றார் ஒருவர். நவீன மனிதனின் பிறப்பு என்றார் மற்றொருவர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வீதி எப்படிப்பட்டது என்று யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. பாரிஸ் மக்கள் அதற்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘குற்ற வீதி’. அங்கே வழிப்பறிக்காரர்கள் நிறைந்திருந்ததால் வந்த பெயர் அல்ல. வீதி நெடுக நாடகக் கொட்டகைகள். மேடையில் தினமும் கொலையும் களவும் நடந்ததால் வந்த பெயர். மார்செல் கார்னே 1945இல் வெளியிட்ட ‘சொர்க்கத்தின் குழந்தைகள்’ படத்தைத் திரைப்படச் சங்கத்தில் பார்த்தவர்களுக்கு அந்த வீதியின் கூட்டம் கண்ணில் நிற்கும். டகேர் படம் எடுப்பதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1835 ஜூலை 28 அன்று, அரசர் லூயி பிலிப்பைக் கொல்ல ஃபியெஸ்கி என்பவர் பல துப்பாக்கிக் குழல்களைச் சேர்த்துக் கட்டிய பொறியை வெடித்ததும் இந்த வீதியில்தான். அரசர் தப்பினார். 18 பேர் இறந்தார்கள். அத்தனை பேர் சாகும் அளவுக்குக் கூட்டம் நின்ற வீதி இது.

அந்தக் கூட்டம் படத்தில் எங்கே போயிற்று? ரகசியம் ஒன்றும் இல்லை. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் அயோடின் ஆவி படியவைத்து, கேமராவில் வெளிச்சம் காட்டி, பிறகு பாதரச ஆவியில் உருவத்தை வரவழைப்பது டகேரின் முறை. வெளிச்சம் பல நிமிடங்கள் விழ வேண்டும். அதற்குள் நடப்பவர் நடந்து போயிருப்பார், வண்டி ஓடிப் போயிருக்கும். எதுவும் ஓர் இடத்தில் தங்காததால் எதுவும் பதியவில்லை. காலை நீட்டிக்கொண்டு நின்றவர் பதிந்தார். அதிலும் முழுதாக அல்ல. 1839 மார்ச்சில் டகேரைச் சந்தித்த சாமுவேல் மோர்ஸ், தந்திக்குப் பெயர்போன அதே ஓவியர், இதைத் தெளிவாகக் கவனித்து ஊருக்குக் கடிதம் எழுதினார். எப்போதும் ஆட்களும் வண்டிகளும் நிறைந்த சாலை வெறிச்சோடித் தெரிகிறது, பாலிஷ் போட்டுக்கொள்ளும் ஆளின் காலும் பூட்ஸும் துல்லியமாக விழுந்திருக்கின்றன, அவர் அசைந்ததால் உடலும் தலையும் விழவில்லை என்பது அவர் எழுதியதன் சாரம். (சந்திப்புக்கு மறுநாள் டகேர் மோர்ஸின் தந்திக் கருவியைப் பார்க்கப் போயிருந்த நேரத்தில் டயோரமா தீப்பிடித்து எரிந்தது. இது நம் வழக்குக்குத் தேவையில்லை. ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை.)

ஆக, முதலில் பார்த்தவர்களில் ஒருவருக்கே விஷயம் புரிந்திருக்கிறது. அது தனிமையின் படம் அல்ல, நெரிசலின் படம். நெரிசல் முழுவதும் அதில் இருக்கிறது, பதிவாகாத வடிவில். வெள்ளம் வடிந்த மணலில் கிடக்கும் ஒற்றைச் செருப்பைக் காட்டி இதுதான் ஆறு என்று சொல்வதைத்தான் நம் நண்பர்கள் செய்துவந்திருக்கிறார்கள்.

இன்னும் ஒரு சாட்சி உண்டு. அதே சன்னலிலிருந்து டகேர் இரண்டு தகடுகள் எடுத்தார். இரண்டும் பவேரிய அரசர் முதலாம் லுட்விக்குக்கு அன்பளிப்பாகப் போயின. ஒன்று காலை எட்டு மணி, மற்றது நண்பகல். நாம் பேசிக்கொண்டிருப்பது காலைத் தகடு. நண்பகல் தகட்டில் பாலிஷ் போடுபவரும் இல்லை, போட்டுக்கொள்பவரும் இல்லை. அதைப் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் அச்சிடுவதில்லை. வீதி அதேதான், வெறுமையும் அதேதான். அந்த வெறுமைக்குள் ஒரு நவீன மனிதன் அகப்படாததால் தத்துவத்துக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மையம் என்பது நிற்கவேண்டிய காரணம் ஒருவருக்கு இருந்ததா என்பதைப் பொறுத்தது. காசு கொடுத்துக் காலை நீட்டியவருக்கு அசையாமல் நிற்பது சேவையின் ஒரு பகுதி. தேய்த்தவருக்கோ கை அசைந்தால்தான் கூலி. அதனால்தான் ஒருவர் துல்லியம், மற்றவர் மங்கல். நண்பர்களின் கட்டுரைகளில் இந்த இரண்டாமவரைப் பற்றி ஒரு வரி தேடினேன். ‘மனிதர்’ என்று அவர்கள் எழுதுவது எப்போதும் நிற்பவரை மட்டும்தான்.

அவரை நிற்கச் சொன்னதே டகேராக இருக்கலாம் அல்லவா என்று ஒரு நண்பர் கேட்பார். கேட்டும் இருக்கிறார். இருக்கட்டுமே. நிறுத்தி வைத்தாலொழிய அந்தத் தெருவில் மனிதர் எவரும் தகட்டில் தங்க மாட்டார் என்று டகேருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் அதற்குப் பொருள். அது என் கட்சிக்கே வலு.

அந்தத் தகட்டின் பிற்காலக் கதையையும் சொல்லிவிடுகிறேன், கதைக்குள் ஒரு கிண்டல் இருப்பதால். படிந்திருந்த அழுக்கைச் சுத்தம் செய்யப்போய் உருவம் பெரும்பாலும் அழிந்துவிட்டது. நாம் இன்று பார்ப்பது இரண்டாம் உலகப் போருக்கு முன்பே எடுத்து வைத்த பிரதியின் தயவில். படத்தைச் ‘சுத்தமாக’ எடுங்கள் என்று மாணவர்களுக்கு வகுப்பெடுக்கும் நண்பர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

இனி, தகடு வேகம் பிடித்த பிறகு நடந்தது. 1859இல் நியூயார்க்கின் எட்வர்டு அந்தோனி பிராட்வே வீதியின் ஸ்டீரியோ என்னும் இரட்டைப் படங்களை வெளியிட்டபோது நடப்பவர்கள் நடந்தபடியே விழுந்தார்கள். மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் அந்த வகைப் படங்களை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்து, மனிதர் காலை உண்மையில் எப்படி வீசி ஊன்றுகிறார் என்று 1863இல் எழுதினார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் செய்வது பற்றிய கட்டுரை அது. அவருக்கு உதவிய வழிப்போக்கர்கள் எவரும் அந்தப் படங்களின் ‘பொருள்’ அல்லர். ஓரத்தில் நடந்துபோன இரைச்சல். தற்செயலில் அர்த்தம் இல்லை என்னும் இரண்டாம் தரப்பு இதற்கு என்ன சொல்லும் என்று கேட்க ஆவலாக இருக்கிறேன்.

பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே பிரெசோன் பற்றி ஒரு வார்த்தை. நண்பர்களின் பிரம்மாஸ்திரம் அவர். 1932இல் பாரிஸ் சாங் லசார் ரயில் நிலையத்தின் பின்புறம் தேங்கிய நீரைத் தாண்டும் ஆள். ஒரு கணம், ஓர் உருவம் என்பார்கள். பின்சுவரைப் பாருங்கள். அங்கே ஒரு சுவரொட்டியிலும் ஓர் உருவம் தாவுகிறது. அந்தச் சுவரொட்டியை விரலால் மறைத்துவிட்டுப் பாருங்கள், மிஞ்சுவது கால் நனையப்போகும் ஒருவர். ஓரத்தை வெட்டுவதை வெறுத்த அவர் இந்தப் படத்தில் இடப்பக்கத்து வேலியை வெட்டினார் என்பது உண்மை. வேலியை வெட்டியவர் சுவரொட்டியை வெட்டவில்லை.

அமெரிக்கத் தெருப் புகைப்படக்காரர் கேரி வினோகிராண்டைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். 1984இல் அவர் இறந்தபோது கழுவப்படாத ஃபிலிம் சுருள்கள் மட்டும் ஏறக்குறைய 2,500 இருந்தன. எடுத்தவரே பார்க்காத படத்தில் எடுத்தவரின் நோக்கத்தை எங்கே தேடுவது என்ற கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறேன். ரகுபீர் சிங் (1942–1999) தனி உரைக்கு உரியவர். இந்தியத் தெருவை வண்ணத்தில்தான் எடுக்க வேண்டும் என்று வாதாடியவர், அம்பாசடர் காரின் கதவையும் கண்ணாடியையும் சட்டத்துக்குள் கொண்டுவந்து ஒரு படத்தை நான்காக உடைத்தவர். அவர் படங்களில் மையத்தைத் தேடும் மாணவருக்குக் கழுத்து வலிதான் மிஞ்சும்.

நம் ஊர்ப் பக்கம் செய்ய வேண்டியவை சில. லினியஸ் டிரைப் 1856 முதல் 1860 வரை சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தார். காகித நெகட்டிவில் அவர் எடுத்த மதுரை, தஞ்சைப் படங்களில் ஆள் நடமாட்டம் மிகக் குறைவு. அதைக் கோயிலின் மௌனம் என்று எழுதும் பழக்கம் நம்மிடம் உண்டு. காகிதத்தின் வேகம் என்ன, ஆள் இல்லையா அல்லது பதியவில்லையா என்று படம் படமாக ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அண்ணா சாலையில் விளம்பரப் பலகைகளும் சினிமா கட்அவுட்களும் நின்ற காலத்துப் படங்களைத் தேதிவாரியாக அடுக்கினால் அரசியலுக்கும் திரைக்கும் இருந்த உறவின் வரலாறு பின்னணியிலிருந்தே கிடைக்கும். முன்னணியில் யார் நிற்கிறார் என்பது அந்த வேலைக்கு அவசியமில்லை. பின்னால் நிற்பவரை விரலால் தொட்டு அழிக்கும் வசதி இப்போது கைப்பேசியிலேயே வந்துவிட்டது. ஒரு குடும்பம் தன் படங்களிலிருந்து யாரை எல்லாம் அழிக்கிறது என்று சமூகவியல் துறையினர் கணக்கெடுக்கலாம், சம்மதம் பெற்றுத்தான். தெருவில் அகப்பட்டவரின் சம்மதம் தனிக் கேள்வி. அதை இன்று தொடவில்லை.

கடைசியாக, நூலகக் குழுவினர் இங்கே இருப்பதால் ஒரு விண்ணப்பம். ஓய்வுபெற்ற பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் வீட்டில் அச்சாகாத நெகட்டிவ்கள் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. அச்சானவை ஆசிரியர் மையம் கண்டு தேர்ந்தவை. எனக்கு வேண்டியவை மற்றவை. பழைய அசிடேட் ஃபிலிமில் வினிகர் வாடை அடிக்கத் தொடங்கினால் அது சிதைகிறது என்று பொருள், அந்தப் பெட்டிகளை முதலில் வாங்குங்கள். பட்டியல் போடும்போது படத்தில் இருப்பவர் யார் என்பதோடு நிறுத்தாமல், எந்தக் கடைப்பலகை, எந்தப் பேருந்து எண், எந்தச் சுவரொட்டி என்றும் எழுதுங்கள். அதற்கு ஆட்களும் பணமும் வேண்டும் என்று நூலகர் சொல்வார். இந்த அறக்கட்டளையின் ஆண்டு வட்டியில் சொற்பொழிவாளருக்கு ஒதுக்கிய பங்கை அதற்கே கொடுத்துவிடுகிறேன். மீதிக்குத் துணைவேந்தர் அவர்களைத்தான் கேட்க வேண்டும்.