சப்ளையருக்கும் ஒரு ஆஃபர் லெட்டர்

ஐடி வேலைன்னா ஆஃபர் லெட்டரை ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்போம். நமக்கு இட்லி வைக்கிற சப்ளையருக்கு அப்படி ஒரு காகிதம் இருக்கான்னு யோசிச்சிருக்கீங்களா? வாய்ப்பேச்சுதான். ஆனா 2025 நவம்பர் 21-லிருந்து புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறையில் இருக்கு. பத்துப் பேரோ அதுக்கு மேலோ வேலை செய்ற இடத்தில் பணி நியமனக் கடிதம் கட்டாயம். பழைய ஆட்களுக்கும் மூணு மாசத்துக்குள்ள கொடுத்திருக்கணும்.

போடிநாயக்கனூரில் ஹோட்டல் வச்சிருக்கிற ஒரு அண்ணனுக்காக இதை எழுதிப் பார்த்தேன். போடிமெட்டு ஏறி மூணாறு போறவங்க, ஏலக்காய் ஏலத்துக்கு வர்ற வியாபாரிங்க, இவங்கதான் அவர் கஸ்டமர். மொத்தம் பதினாலு ஆள். என் கம்பெனி லெட்டரை அப்படியே காப்பி அடிக்க முடியாது. சப்ளையரோட பிரச்சினையே வேற.

"சாப்பாடு, தங்குற இடம் ஃப்ரீ"ன்னு சொல்லிட்டு மாசக் கடைசியில் பிடிக்கிறது ஊர் வழக்கம். ஃப்ரீயா, பிடித்தமா, எவ்வளவுன்னு லெட்டரிலேயே இருக்கணும். சம்பளம், ஹோட்டல் தொழிலுக்கு அரசு வச்ச குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது. டிப்ஸை அந்தக் கணக்கில் சேர்க்காதீங்க, அது கஸ்டமர் கொடுக்கிற காசு.

பில் கட்டாம ஒருத்தன் நழுவிட்டா டேபிள் பார்த்தவன் சம்பளத்தில் கை வைக்கிறது இன்னொரு வழக்கம். அவரோட கவனக்குறைவால்தான் நஷ்டம்னு இருந்தா மட்டும், அவர் பதிலையும் கேட்ட பிறகுதான் பிடிக்கலாம். "அப்போ முதல்ல டோக்கன், அப்புறம் தோசைன்னு வைங்கண்ணே"ன்னேன். "மூணாறு போற கார்க்காரன் டோக்கனுக்கு வரிசையில நிப்பானா தம்பி?"ன்னார். நியாயமான கேள்விதான். ஆனா அந்த நஷ்டம் முதலாளியோடது.

எனக்கு ரொம்ப உறுத்தினது அட்வான்ஸ். "வாங்கின பணம் அடையுற வரைக்கும் வேலையை விட்டுப் போகக் கூடாது"ன்னு ஒரு வரி கேட்டார். அவருக்கு அது சாதாரணம். சட்டத்துக்கு அது கொத்தடிமை முறை, 1976-லேயே ஒழிச்சது. அட்வான்ஸ் கொடுங்க, மாசம் எவ்வளவு பிடிப்பீங்கன்னு எழுதுங்க, ஆளைப் பிடிச்சு வைக்காதீங்க. ஆதார் ஒரிஜினலையும்தான்.

காலை ஆறு மணி டிஃபன், நடுவில் ரெஸ்ட், மறுபடி ராத்திரி பரோட்டான்னு ரெண்டா உடைஞ்ச ஷிஃப்ட்னா ரெண்டு நேரத்தையும் எழுதணும். வாரம் 48 மணி நேரம்தான், தாண்டினா ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். வார லீவு எந்த நாள்னும் போடணும். மாசச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள்ள இருந்தா இஎஸ்ஐ உண்டு.

வேலையை விட்டா ரெண்டு வேலை நாளுக்குள்ள கணக்கு முடிக்கணும். இதையும் சேர்த்தேன். எல்லாம் ஒரே பக்கம், தமிழில். அங்க ரெண்டு பசங்க ஒடிசாக்காரங்க. அவங்களுக்கு ஒடியாவில் இன்னொரு காப்பி, கையெழுத்து வாங்குறதுக்கு முன்னாடி.